கள்ளியங்காட்டு நீலியின் இரு முகங்கள்

நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டின் நீலி கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நகைக்காகக் காதலனே கொன்ற பெண் அவள். மறுபிறவியில் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலேந்தி, வணிகனாகப் பிறந்திருந்த அவனைத் தன் கணவனென அழுது ஊராரை நம்பவைத்துப் பழிதீர்க்கிறாள். 'நீலிக் கண்ணீர்' என்னும் வசை நம் மொழியில் நிலைத்துவிட்டது. அந்தக் கொலைகாரனின் பெயரால் வசை ஏதுமில்லை!

2025இல் வந்த 'லோகா' என்னும் மலையாளத் திரைப்படம் நீலியை எளியோரைக் காக்கும் நாயகியாக்கியது. அடுத்த வீட்டு இளைஞன் அவளிடம் மனம் பறிகொடுக்கிறான். இனிய கற்பனைதான். ஆயினும் பழைய கதையே கனமானது என்பேன், சகோதரிகளே. படத்தில் அவளுக்குக் கொடுமை இழைப்பவர்கள் மன்னனின் ஆட்கள். நகைக்காகக் கொன்ற காதலன் அங்கே இல்லை.