கடலோரத்தின் செய்தி அறை

மாறும் செய்தி அறைகள் – 9

இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. முதல் பத்து எண்களும் காற்றின் நிலையையும் புயலின் நெருக்கத்தையும் படிப்படியாக உணர்த்த, 11-ஆம் எண் கூண்டு மட்டும் வானிலை எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதை அறிவிக்கிறது. தகவல் நின்றுபோவதையும் ஆபத்துகளின் வரிசையில் சேர்த்த இந்த ஏற்பாடு, பாம்பன் துறைமுகக் கூண்டைப் பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இராமநாதபுரம் கடற்கரைக்கு மிகவும் பொருந்தும். மின்னணு யுகம் பெருநகர நாளிதழ்களை எவ்வாறு மாற்றியது என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகள் ஆராய்ந்தன; செய்தி உயிரைக் காக்கும் பொருளாக இருக்கும் இடத்தில் அதே மாற்றம் என்ன வடிவம் எடுக்கிறது என்பதை இப்பகுதி ஆராய்கிறது.

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பன் பாலத்தையும் சிதைத்து, இராமேசுவரம் தீவை வெளியுலகிலிருந்து துண்டித்தது. அதற்கு 53 ஆண்டுகளுக்குப் பின், 2017 நவம்பர் இறுதியில், செயற்கைக்கோள்களும் கைப்பேசிகளும் பெருகிவிட்ட காலத்தில் ஒக்கி புயல் குமரிக்கடலைத் தாக்கியபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியில்லாமல் போனது. கரையிலிருந்து சில கடல் மைல்கள் கடந்ததும் கைப்பேசி அலைவரிசை மங்கிவிடுகிறது என்பதே இதற்கு அடிப்படைக் காரணம். இந்த இடைவெளியை அடைக்க, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசித் திரையில் காட்டும் 'ஜெமினி' என்னும் கருவியை மத்திய அரசு 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. எனினும் அது செய்தியைப் பெறும் கருவியே தவிர, படகிலிருப்பவர் திருப்பிக் கேள்வி கேட்பதற்கான கருவி அன்று.

கேள்வி கேட்கக்கூடிய ஊடகமாக இக்கரையில் உருவானது சமுதாய வானொலி. வணிக நோக்கமின்றி, ஒரு குறிப்பிட்ட பகுதி மக்களுக்காக, அவர்களுடைய பங்களிப்போடு, குறைந்த ஆற்றல் கொண்ட ஒலிபரப்பியால் நடத்தப்படும் நிலையமே சமுதாய வானொலி எனப்படுகிறது. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பு இதற்கு வழி திறந்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக அமைந்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கப்படும் என விதிகள் தளர்த்தப்பட்டன. அவ்வழியில் 2016-இல் பாம்பனில், அவ்வூரைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோவின் முயற்சியால், மீனவர்களுக்கென்றே 90.4 பண்பலையில் தொடங்கப்பட்டது 'கடல் ஓசை'.

இத்தகைய நிலையத்தின் முதன்மைப் பணி மொழிமாற்றம் போன்றது. 'மன்னார் வளைகுடாப் பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும்' என்று வானிலை அறிக்கை சொல்லும்போது, வாடை, கொண்டல், கச்சான் என்று திசையால் காற்றுக்குப் பெயரிட்டு வாழ்பவர்களுக்கு அந்த எண் பாதிச் செய்திதான். எந்தக் காற்று, எப்போது திரும்பும், வல்லம் தாங்குமா, மீன்வளத்துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குச் செல்லும் அனுமதி டோக்கன் கொடுக்கிறதா நிறுத்திவைத்திருக்கிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுச் செய்தியாகும். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் நுண்பாசிகளின் பச்சையத்தையும் செயற்கைக்கோளால் அளந்து, மீன் கூடக்கூடிய இடங்களை முன்கூட்டியே தெரிவிக்கிறது. அதன் பயனும் கரையில் அதை விளக்கிச் சொல்ல ஒருவர் இருப்பதைப் பொறுத்தே அமைகிறது.

பன்முகத்தன்மை, அதாவது செய்தியை உருவாக்கும் இடத்தில் சமூகத்தின் பல தரப்பினரும் இடம்பெறுவது, இங்கே பெண்களிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூழ்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய கடற்பாசிகளைச் சேகரிக்கும் பெண்கள் இக்கரையில் தலைமுறைகளாக உழைத்துவருகிறார்கள். 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின், அவர்களுடைய பழைய தொழிலிடங்கள் தடைக்குட்பட்ட இடங்களாயின. ஆயினும் 'மீனவர்' என்றால் ஆண் என்றே எண்ணிப் பழகிய நாளிதழ்ச் செய்திகளில், கடலுக்குள் இறங்கும் இப்பெண்கள் அரிதாகவே தென்பட்டனர். 1990-களில் நாளிதழ் ஒன்றுக்காக இராமநாதபுரம் உள்ளிட்ட வறிய மாவட்டங்களைச் சுற்றி எழுதிய பி. சாய்நாத், 2014-இல் தொடங்கிய 'பாரி' இணைய இதழ், இப்பெண்களின் வாழ்வைப் படங்களாகவும் கட்டுரைகளாகவும் தமிழ் உட்படப் பல மொழிகளில் பதிவு செய்தது. அச்சுத்தாள் ஒதுக்காத இடத்தை இணையம் ஒதுக்கியதற்கு இது தெளிவான சான்று.

மாற்றத்தின் மறுபக்கம் விதிமுறைகளில் இருக்கிறது. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்புவதற்கு அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை எழுத்து மாறாமல் அஞ்சல் செய்யலாம். வானிலை, போக்குவரத்து, திருவிழா, குடிநீர் விநியோகம் போன்றவை மட்டும் செய்தியின் கணக்கில் சேராதவை எனப் பின்னர் விலக்குப் பெற்றன. எனவே கடலில் வீசும் காற்றைப் பற்றிப் பேசும் உரிமை பெற்ற நிலையம், அதே கடலில் இலங்கைக் கடற்படை படகொன்றைப் பிடித்தால் அதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. அந்த வெற்றிடத்தை வாட்ஸ்அப் குழுக்கள் நிரப்புகின்றன. பிடிபட்டது எந்தப் படகு என்பதை 'ஐஎன்டி-டிஎன்-10' எனத் தொடங்கும் பதிவெண்ணைக் கொண்டு மீன்வளத்துறையிடம் உறுதிசெய்துகொள்ள முடியும். ஆனால் உறுதிசெய்யப்படும் முன்பே, பழைய படமொன்று புதிய பெயர்களோடு வீடுகளுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு கைதின்போதும் இருக்கிறது. தவறான பெயரால் ஒரு குடும்பம் படும் துயரத்தை மறுநாள் வெளியாகும் மறுப்பு ஆற்றிவிடாது.

இதைவிட நுட்பமான அறச்சிக்கல் பாக் நீரிணையின் இரு கரைகளையும் பற்றியது. 1974, 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக் கோட்டின் இப்பக்கத்தில், கைதுகளும் படகுப் பறிமுதலும் வாழ்வாதாரத்தின் மீதான தாக்குதலாகச் செய்தியாகின்றன; அப்பக்கத்தில், இந்தியப் படகுகளின் இழுவைமடி வலை தங்கள் கடலின் அடித்தரையைச் சுரண்டுகிறது என்று முறையிடும் வடமாகாண மீனவர்களும் தமிழர்களே. இலங்கை நாடாளுமன்றம் 2017-இல் இழுவைமடி முறையைத் தடைசெய்தது. யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழின் வாசகரும் இராமேசுவரத்து நாளிதழ் வாசகரும் ஒரே மொழியில் படித்தும், ஒரே நிகழ்வின் இரு பாதிகளையே அறிகிறார்கள். இரண்டு நாளிதழ்களும் இன்று கைப்பேசியில் ஒரு தொடுகையில் கிடைக்கும் நிலையில், எதிர்க்கரையின் தரப்பைக் கேட்கவில்லை என்பதற்குத் தொலைவு இனிக் காரணமாகாது.

தொழில்நுட்பம் செய்தி அறைகளுக்கு வேகத்தையும் எட்டும் தொலைவையும் கொடுத்திருக்கிறது. எதை உறுதிசெய்த பின் சொல்வது, யாரைப் பேச வைப்பது என்னும் முடிவுகளை அது எடுத்துத் தராது. ஊராரால் அன்றாடம் கேள்வி கேட்கப்படும் ஒரு நிலையத்துக்கு அவ்விரு பொறுப்புகளையும் ஏற்கும் தகுதி உண்டு. ஆகவே, பெயர்களை உறுதிசெய்யும் கடமையையும் பிழை நேர்ந்தால் அதே நேரத்தில் அதே குரலில் திருத்தும் கடமையையும் சேர்த்து விதித்து, உள்ளூர்ச் செய்தியை ஒலிபரப்பும் உரிமையைச் சமுதாய வானொலிகளுக்கு மத்திய அரசு வழங்க வேண்டும். வதந்தியைத் தடுக்கக் கடலோரத்துக்குத் தேவைப்படுவது மேலும் ஒரு தடையன்று, நம்பத்தக்க ஒரு செய்தி.

(தொடரும்)