மிம்பரில் பாதி, வாசற்படியில் பாதி

ஊரும் நோயும் – 14

போன வாரம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். “லாரிக்காரரை மட்டும் ஏன் இழுக்கிறீர்கள், விமானம் ஏறிப் போகிறவனுக்கு எச்.ஐ.வி. வராதா?” என்று அரியலூர் வாசகர் ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான்.

அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் வளைகுடாவுக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம், முஸ்லிம் குடும்பங்கள் உட்பட. விசாவுக்கு மெடிக்கல் உண்டு. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தால் பயணம் ரத்து. ஊரில் அதற்கு “மெடிக்கல்ல அன்ஃபிட்டாம்” என்று ஒரே சொல். காமாலையா, காசநோயா, இதுவா? யாரும் கேட்பதில்லை, போக முடியாதவரும் சொல்வதில்லை. அவர் மனைவியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமே, அந்தப் பேச்சை யார் எடுப்பது?

எய்ட்ஸ் விளம்பரத்தில் வந்த புள்ளிராஜா நினைவிருக்கிறதா? 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் அவர் பெயர்தான். தமிழ்நாடே சிரித்துக்கொண்டு எய்ட்ஸ் பற்றிப் பேசியது. ராஜா என்று பெயர் கொண்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஆனால் சுவர் விளம்பரம் தெருவோடு நின்றுவிடும். அடுப்படிக்குள் போகாது.

அடுப்படி வரை போனவர்கள் உகாண்டாக்காரர்கள். 1989இல் அந்த நாட்டு முஸ்லிம்களின் மார்க்கத் தலைவரான முஃப்தி எய்ட்ஸுக்கு எதிராக ஜிஹாத் அறிவித்தார். உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கம் 1992இல் இமாம்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இமாமோடு நிறுத்தவில்லை என்பதுதான் விசேஷம். அவருக்குத் துணையாக ஆணும் பெண்ணுமாக உதவியாளர்கள், வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் என்று பள்ளிவாசலைச் சுற்றி ஒரு கூட்டத்தையே தயார் செய்தார்கள்.

பாடங்களும் அவர்கள் வாழ்க்கையிலிருந்தே வந்தன. மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்? சுன்னத் செய்யும் கத்தியை அடுத்த பிள்ளைக்கும் எடுக்கலாமா? நம் ஊரில் சுன்னத் செய்துவந்த ஒஸ்தாக்களின் காலத்தை நினைத்துப் பார்த்தால் இது வேற்று நாட்டுப் பாடமாகத் தோன்றாது.

ஆணுறையில்தான் முட்டிக்கொண்டது. ஒழுக்கக் கேட்டுக்கு வழிகாட்டுவதாகும் என்று மார்க்க அறிஞர்கள் மறுத்தார்கள். முதலில் அந்தப் பாடமே இல்லை. பிறகு உட்கார்ந்து பேசினார்கள். கணவன் மனைவியில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் மற்றவர் உயிரைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு மறுப்பாளர்களிடம் பதில் இல்லை. கற்பும் கட்டுப்பாடும் முதல் வேலி, அது போதாத இடத்தில் உறை கடைசி வேலி என்று உடன்பாடு வந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது நோய் பற்றிய அறிவு கூடியிருந்தது. பலருடன் உறவு குறைந்ததாகவும் உறை பயன்படுத்துவது கூடியதாகவும் மக்களே சொன்னார்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 1998இல் இதை முன்மாதிரியாக வெளியிட்டது.

நம் பக்கம் இப்படிப் பயிற்சி கொடுப்பவர்கள் ஒரு பேச்சுக்குத் தயாராக இருக்க வேண்டும்: “நமக்கெல்லாம் சுன்னத் ஆனது, வராது.” இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில் சுன்னத் செய்த ஆணுக்குப் பெண்ணிடமிருந்து தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது உண்மை. மீதி 40? அதோடு, அவருக்குத் தொற்றிவிட்டால் மனைவிக்கு அந்தச் சுன்னத் காவல் இல்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத் தம் ஜும்ஆ உரையில் நோயாளியை ஒதுக்காதே என்று சொல்லலாம், நிக்காஹுக்கு முன் பரிசோதனை நல்லது என்று சொல்லலாம். அதற்கு மேல் மிம்பரில், அவர் நின்று பேசும் மேடையில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மீதியைத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணால்தான் பேச முடியும். “மாமி, அண்ணன் ஊருக்கு வந்திருக்காங்களாமே” என்று நுழைந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பிப்பாள். அவள் வாயில் ஆணுறை என்ற அச்சு வார்த்தை வராது. நிரோத் என்றுதான் வரும். அதையும் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுவதற்கே பயிற்சியில் ஒரு நாள் போய்விடும்.

ஆனால் உள்ளூர்க்காரி என்பதே வினையாகவும் முடியும். எல்லாரும் சொந்தம். காலையில் கேட்டது மாலைக்குள் மறுதெருவுக்குப் போய்விட்டால், அடுத்த வீடு கதவைத் திறக்காது. ஒருவரின் தொற்றை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது, 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் மாமியார் வாயைக் கட்டுமா என்பது வேறு விஷயம். ஆகவே ஆள் தேடும் ஜமாஅத்துக்கு என் யோசனை: பட்டம் படித்தவரைத் தேடாதீர்கள், கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறவரைத் தேடுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை இருக்கும். பரிசோதனை இலவசம், முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

(தொடரும்)