மூளை வளர்கிற நேரத்தில் உப்பில் கை வைக்காதீங்க!

பரீட்சை மாதம் வந்துவிட்டால் என்னைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் வருகிற கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ''ஐயா, பையன் படிச்சதெல்லாம் மறந்துடறான். வல்லாரையில ஏதாச்சும் கொடுங்க!''

வல்லாரை நல்ல மூலிகைதான். தாராளமாகத் துவையல் அரைத்துக் கொடுங்கள். ஆனால் மூளை என்கிற கட்டடத்துக்குக் கடைக்கால் போட்டு, தூண் நிறுத்துகிற வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே நடக்கிறது. அதில் பெரும்பகுதி தாயின் வயிற்றிலும், பிறந்த முதல் இரண்டு மூன்று வருஷங்களிலும் நடந்து முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் வீட்டார் முதலில் கவனிக்க வேண்டியது லேகிய டப்பாவை அல்ல, உப்பு டப்பாவை!

'உப்புக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? சொல்கிறேன்.

நரம்புக்கும் 'எலும்பு' உண்டு

வளர்ந்த மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. மற்ற செல்களைப் போல இவை உருண்டையாகச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் மரம் மாதிரி கிளை விடும். ஒரு பக்கம் நீண்ட விழுது ஒன்றையும் இறக்கும். முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம் வரை ஓடுகிற ஒரே ஒரு செல்லின் விழுது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத இத்தனை மெல்லிய இழை துவண்டு போகாமல் எப்படி நிற்கிறது? உள்ளே சட்டம் கட்டியிருக்கிறது. அந்தச் சட்டம் முழுக்கப் புரதம்.

டியூபுலின் என்கிற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழல் ஆகிறது. செல்லுக்குள் சரக்குப் போகிற தண்டவாளமும் இதுதான். நியூரோஃபிலமென்ட் என்பது கம்பிக் கட்டு மாதிரி. விழுதுக்குப் பருமனும் பலமும் தருவது இது. ஆக்டின் என்பது வளரும் நுனியைத் தள்ளிக்கொண்டு போகிற புரதம். டௌ, மேப்-2 என்று வேறு சில புரதங்கள் நுண்குழல்களை இழுத்துக் கட்டி, கழன்று போகாமல் பார்த்துக்கொள்கின்றன.

எங்கள் சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு என்று சொல்லி, அதில் மூளையையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அந்த உடற்கட்டுக்குள்ளேயே இன்னொரு கட்டு இருக்கிறது என்பதை இன்றைய விஞ்ஞானம் காட்டுகிறது.

செஞ்சிக்கோட்டை மாதிரிதான்!

நான் இருக்கிற செஞ்சியில் மலைக்கோட்டை பார்க்க வருகிறவர்கள், ''இதை யார் கட்டினது?'' என்று கேட்பார்கள். ஒருவர் பேரைச் சொல்லி முடிக்க முடியாது. கோனார் காலத்தில் ஆரம்பம். நாயக்கர் காலத்தில் விரிவு. அப்புறம் பீஜப்பூர்க்காரர்கள், 1677-ல் மராட்டியர், பிறகு முகலாயர், பிரெஞ்சுக்காரர் என்று ஒவ்வொருவரும் தங்கள் காலத்துக்குத் தேவையானதைச் சேர்த்தார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் வளைத்த மதில் ஒரே நாளில் எழும்பவில்லை. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இப்படிக் கட்டம் கட்டமாக எழுந்த கோட்டையைத்தான்.

மூளையும் அப்படியே. எந்தப் புரதம், எந்தச் செல்லில், எந்த நாளில், எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நடத்துவதைத்தான் ஜீன்களின் கட்டுப்பாடு என்கிறோம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நியூரோஃபிலமென்ட் செய்வதற்கான ஜீன் உங்கள் கல்லீரல் செல்லிலும் இருக்கிறது. தோல் செல்லிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அது வேலை செய்வதில்லை. நரம்புக்கு உரிய பல ஜீன்களை மற்ற செல்களில் பூட்டி வைக்கிற ஒரு புரதத்தை 1995-ல் கண்டுபிடித்தார்கள். 'ரெஸ்ட்' என்று பெயர். ஒரு செல் நரம்புச் செல்லாக மாறும்போது இந்தப் பூட்டு விலகுகிறது. உடனே அந்த ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன.

விழித்த பிறகும் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. நியூரோஃபிலமென்டில் எடை குறைந்த வகைகள் முதலில் வரும். கனமான வகை கடைசியில்தான் வரும். டௌ புரதத்துக்கு 'சிசு வடிவம்', 'பெரியவர் வடிவம்' என்றே உண்டு. விழுது நீள வேண்டிய காலத்தில் சற்று நெகிழ்வான வடிவம். நீண்டு முடிந்து இணைப்பு விழுந்த பிறகு இறுக்கிக் கட்டுகிற வடிவம். வீடு கட்டும்போது முதலில் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, பிறகு கான்கிரீட் தூண் நிற்கிற மாதிரி.

அளவுக்கும் காவல் உண்டு. செல்லுக்குள் டியூபுலின் தேவைக்கு மேல் மிதந்தால், டியூபுலின் செய்யச் சொல்லி ஜீன் அனுப்பிய கட்டளைச் சீட்டே அழிக்கப்படும். 'சரக்கு போதும், நிறுத்து' என்கிற ஏற்பாடு!

மேஸ்திரி யார்?

இந்த வேலையை மேற்பார்வை பார்ப்பவர்கள் பலர். அதில் பெரும்பாலானோர் நம் கைக்கு எட்டாதவர்கள். உதாரணமாக, டபுள்கார்ட்டின் என்கிற ஜீன் பழுதானால், மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய மூளை வழுவழுவென்று ஆகிவிடும். அதற்குச் சாப்பாட்டில் வழி இல்லை.

ஆனால் ஒரு மேஸ்திரி மட்டும் நம் சமையலறைக்குக் கட்டுப்பட்டவர். அவர்தான் தைராய்டு ஹார்மோன்!

கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிற தைராய்டு சுரப்பி இதைச் சுரக்கிறது. ரத்தத்தில் கலந்து மூளைச் செல்லின் உட்கருவுக்குள்ளேயே இது போய்விடும். அங்கே ஜீன்மேல் காத்திருக்கிற ஏற்பியில் உட்கார்ந்து, 'ஆரம்பி' அல்லது 'நிறுத்து' என்று சொல்லும்.

இதை ஆராய்ந்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கொல்கத்தாவில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் பி.கே.சர்க்கார் குழுவினர் 1980-களிலும் 90-களிலும் வளரும் எலிகளின் மூளையை வைத்து ஆராய்ந்தார்கள். டியூபுலின், ஆக்டின் ஆகியவற்றின் உற்பத்தியைத் தைராய்டு ஹார்மோன் தூண்டுகிறது என்று காட்டினார்கள். இதில் முக்கியமான சங்கதி, வளர்கிற மூளைதான் இந்தக் கட்டளைக்கு நன்றாகக் காது கொடுக்கிறது என்பது. பருவம் தாண்டிய பிறகு எவ்வளவு கொடுத்தாலும் பழையபடி பலன் இல்லை.

'பருவத்தே பயிர் செய்' என்றாளே ஒளவைப் பாட்டி, அது மூளைக்கும் பொருந்தும்.

முதல் மாதங்களில் அம்மாதான் கதி

கர்ப்பத்தின் பாதிக் காலம் நெருங்கும்போதுதான் சிசுவின் தைராய்டு தன் காலில் நிற்கத் தொடங்கும். அதுவரை தாயின் ஹார்மோன்தான் சிசுவுக்கு. அந்த ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்குத் தினம் 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற பெரியவர்களுக்கு 150. கடுகில் ஒரு துணுக்குக்கும் குறைவான இந்த அளவு கிடைக்காமல் போனால் கரு கலையலாம். பிள்ளைக்குக் காது மந்தமாகலாம். அறிவு வளர்ச்சி குன்றலாம்.

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததற்கு இப்படிப்பட்ட வேலைதான் அடித்தளம்.

நம் ஊர் உப்பு

'அது மலைநாட்டுக்காரர்கள் பிரச்னை. நமக்கு மரக்காணத்து உப்பு இருக்கு, கடல் உப்பில் இல்லாத அயோடினா?' என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடல் நீரில் அயோடின் குறைவு. உப்பளத்தில் காய்ந்து உப்பாகும்போது அதுவும் பெரும்பாலும் தங்குவதில்லை. கல் உப்போ தூள் உப்போ, அயோடின் சேர்த்ததா என்பதுதான் கேள்வி.

அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-ல் நாடு முழுக்கத் தடை வந்தது. அப்படியும் 2018-19-ல் எடுத்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதம்தான். மாநிலங்களிலேயே கடைசி இடம்! உப்பு விளைகிற நாட்டுக்கு இது அழகா?

இப்போது புதிதாக ஒரு மோகம், இந்துப்பு. 'இயற்கையானது, உடம்புக்கு நல்லது' என்று மூன்று வேளையும் அதையே போடுகிறார்கள். நான் சித்த மருத்துவன்; அட்ட சூரணத்தில் இந்துப்பு சேர்ப்பவன். மருந்தில் சேர்க்கிற சிட்டிகை வேறு, குழம்புக்குப் போடுகிற உப்பு வேறு. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே நம்புகிற கர்ப்பிணிக்கு, அயோடின் பற்றாக்குறை வர வாய்ப்பு உண்டு. கல்யாணமான பெண்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிற வீட்டில் தினசரிச் சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும்.

மறக்காமல் செய்யுங்கள்

* உப்புப் பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரையையும் 'அயோடின் கலந்தது' என்ற வரியையும் பாருங்கள்.

* உப்பை மூடி போட்ட டப்பாவில், ஈரமும் வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் வையுங்கள். கல் உப்பைக் கழுவிப் போடாதீர்கள்.

* அயோடின் வேண்டும் என்று உப்பைக் கூட்டாதீர்கள். ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அயோடினுக்கு வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள். மீன், முட்டை, பாலிலும் அயோடின் உண்டு.

* கர்ப்பம் உறுதியானதும் தைராய்டு ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'வயித்துல பிள்ளை இருக்கே' என்று நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம்.

குதிகாலில் ஒரு சொட்டு

அம்மா எல்லாம் சரியாகச் செய்தும், சில குழந்தைகள் தைராய்டு சுரப்பி சரியாக அமையாமலே பிறக்கின்றன. நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரசவத்துக்கு ஒரு குழந்தை இப்படி. பார்த்தால் தெரியாது, குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும். நீடித்த மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பெரிய நாக்கு, தொப்புள் பிதுக்கம், 'அழவே அழாது, சமத்துப் பிள்ளை' என்கிற ஓயாத தூக்கம்... இவை தெரிவதற்குள் பொன்னான வாரங்கள் போய்விடும்.

எனவே அறிகுறிக்குக் காத்திராதீர்கள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் அவர்களாகச் செய்யாவிட்டால் நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள். குறை தெரிந்தால் இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். பொடித்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுப்பார்கள். சீக்கிரம் ஆரம்பித்து ஒழுங்காகக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிப்பார்கள்.

இந்த மாத்திரைக்குப் பதிலாக எங்கள் மருந்துப் பெட்டியில் எதுவும் இல்லை. 'இங்கிலீஷ் மருந்து சூடு, மூலிகை கொடுக்கலாம்' என்று யார் சொன்னாலும், சித்த மருத்துவரே சொன்னாலும், குழந்தையின் தைராக்ஸினை நிறுத்தாதீர்கள்.

வல்லாரைக்கு வருஷம் பூராவும் நேரம் இருக்கிறது. மூளையின் தூண்கள் எழும்புகிற நாட்கள் மட்டும் திரும்பி வராது. இன்றைக்குச் சமையலறைக்குப் போகும்போது உப்புப் பாக்கெட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்!