கைகால் அசைவு சொல்லும் செய்தி

மல்லாந்து படுத்திருக்கும் மூன்று மாதக் குழந்தையை உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்து, உடல், கை, கால் யாவும் ஓயாமல் சிறு சிறு அசைவுகளைச் செய்துகொண்டே இருக்கும். வீண் அசைவுகள்போல் தோன்றினாலும், குழந்தையின் மூளை நலத்தை அவற்றைக் கொண்டே அறியலாம்.

வளரும் மூளை சேதமடைவதால் உடலசைவு நிலையாகப் பாதிக்கப்படுவதே மூளை முடக்குவாதம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமற்போன குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். முன்பெல்லாம் குழந்தை உட்காரவும் நடக்கவும் தாமதமான பிறகே, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள், இது கண்டறியப்பட்டது. மூளை மிக விரைவாக வளரும் முதல் ஆண்டு அதற்குள் கழிந்துவிடும் அல்லவா?

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்ட்ல் என்பவர் குழந்தைகளின் இயல்பான அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். மூன்று மாத வாக்கில் தோன்றும் சிற்றசைவுகளின் வீச்சு சிறியது; வேகம் மிதமானது; முடுக்கமோ மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் இயற்பியலில் படிக்கும் அதே முடுக்கம்தான்! மூளையின் நரம்புப் பாதைகள் சேதமடைந்தால் இந்தச் சிற்றசைவுகள் தோன்றாமலே போகலாம்.

அவரும் குழுவினரும் 130 குழந்தைகளை ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டனர். சிற்றசைவுகள் இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் பின்னாளில் நரம்புக் கோளாறின்றி வளர்ந்தனர். அவை இல்லாத அல்லது இயல்பு மாறிய 60 பேரில் 57 பேருக்குக் கோளாறு இருந்தது.

சோதனைக்கு ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம். விழித்து அமைதியாக இருக்கும் குழந்தையைச் சில நிமிடங்கள் படம்பிடித்தால் போதும். அழும்போது எடுத்த படம் பயன்படாது. பயிற்சி பெற்றவர் அதைப் பார்த்துக் கணிப்பார்.

இதில் ஒரு சிறு கணக்கும் உண்டு. வயதை 40 வாரம் நிறையவேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். 30-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்து 22 வாரம் ஆனால், திருத்திய வயது 12 வாரமே. பிறந்த 12-ஆம் வாரத்திலேயே பார்த்தால் திருத்திய வயது 2 வாரம்தான்; சிற்றசைவுகள் தோன்றும் காலமே வந்திராது. வீண் அச்சமே மிஞ்சும்!

இச்சோதனை மட்டுமே தீர்ப்பு ஆகாது. மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தையும் நரம்புப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டறிய முடியும் என்று 2017-இல் வல்லுநர் குழு ஒன்று எடுத்துரைத்தது. சேதமடைந்த பகுதியை மாற்ற இயலாது. ஆனால் இளம் மூளை புதிய இணைப்புகளை எளிதில் உருவாக்கும். பயிற்சியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ, அந்தப் பிஞ்சுக் கைகள் ஒரு பொருளைப் பற்றக் கற்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.