ஆடித் தள்ளுபடியும் இரவு பத்தரை மணியும்

சந்தையில் பொழுது சாய்ந்தால் விலையும் சாயும். காலையில் கூறு இவ்வளவு என்று முறைப்பாகச் சொன்ன கத்தரிக்காய்க்காரர், வெயில் தாழ்ந்ததும் இரண்டு கூறை ஒன்றாகக் குவித்து அதே காசைக் கேட்பார். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சந்தைக்குப் போய்ப் பழகிய எல்லா வீட்டுக்கும் இது தெரிந்த சங்கதி. கையில் காசுள்ளவர்கள் காலையிலேயே போய் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இல்லாதவர்கள் கடைசி பஸ்ஸை மனசில் வைத்துக்கொண்டு பொழுது சாயக் காத்திருப்பார்கள். விலை இறங்குவதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் இருந்தது. காய் வாடும். மறுநாள் வேறு ஊர்ச் சந்தை. மிச்சத்தைத் திரும்ப ஏற்றிப் போகும் வண்டிக்கூலி காயின் விலையைவிட அதிகம்.

பிள்ளைகளுக்கான சந்தை திருவிழாக் கடைகள்தான். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கும், இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்கும் இங்கிருந்து ஊரே கிளம்பும். அங்கே ஊதல், தண்ணீரில் ஓடும் டின் படகு, சுட்டால் தீப்பொறி பறக்கும் துப்பாக்கி எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். முதல் நாள் சொன்ன விலை, கடையைப் பிரிக்கிற இரவில் பாதிக்கு வந்துவிடும். அதுவரை அந்தத் துப்பாக்கி விற்காமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. காத்திருந்து மலிவாக வாங்கியவனும் உண்டு, காத்திருந்து ஊதலோடு வீடு வந்தவனும் உண்டு. எண்ணிக்கை தீர்ந்துபோகும் சரக்கு என்பதால் அந்தப் பதற்றத்திலும் ஒரு நியாயம் இருந்தது.

விளையாட்டுக்கே காலம் உண்டு. ஆடிக் காற்றுக்குப் பட்டம். அப்புறம் பம்பரம், கோலி, கிட்டிப்புள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பம்பரக் காலம் முடிந்து கோலிக் காலம் தொடங்கிவிட்டது என்று யாரும் தண்டோரா போட்டதில்லை. ஒருநாள் காலையில் தெருவே கோலிக்கு மாறியிருக்கும். பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும் அது எப்படித்தான் முந்தியே தெரியுமோ, கண்ணாடிப் புட்டியில் கோலி நிறைந்திருக்கும்.

பெரியவர்களின் தள்ளுபடி ஜவுளியில் இருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, கடையில் ஆள் இல்லை, தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழசைத் தள்ள வேண்டும். ஆடித் தள்ளுபடியின் முழுக் கணக்கும் இதுதான். காந்தி ஜெயந்தி வந்தால் கதருக்குத் தள்ளுபடி, தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம். தேதி எல்லாம் நாட்காட்டியில் கிழிக்கிற தாளோடு ஒட்டியவை. அருப்புக்கோட்டை தறிக்காரர் ஊர். தீபாவளிக்கு முன்னால் பாவு ஓய்வதில்லை, கூலியும் போனஸும் சேர்ந்து கைக்கு வரும். அதனால் நெசவாளி வீட்டுக்குத் தீபாவளித் தள்ளுபடி சரியான நேரத்தில் வந்தது.

பஸ்ஸில் சற்று நேரம் போனால் வரும் திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் கணக்கே வேறு. ஆடிப் பட்டம் தேடி விதை என்று பழமொழி சொல்லும். இங்கே மானாவாரிக்காரன் ஆடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பான், விதைப்பது புரட்டாசியில். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் இறங்குவது. ஆக, ஊர் தீபாவளி கொண்டாடும்போது சம்சாரியின் காசு மண்ணுக்குள் கிடக்கும். தையில் தானியமும் பயறும், மாசியில் மல்லி, மாசி பங்குனியில் பருத்தியும் வத்தலும் வந்த பிறகுதான் கை நனையும். நிலம் இல்லாதவர்களுக்குக் கோடையில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட கூலி. இவர்களுக்குத் தீபாவளித் துணி பற்றில்தான் வந்தது. வத்தல் மூட்டை கமிஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் பற்று கழியும், வட்டியோ விலைக் குறைப்போ ஏதோ ஒரு பெயரில் கொஞ்சம் கூடுதலாகவே கழியும். அந்தக் காலத்துக் கடைக்காரர்களைப் புனிதர்களாக்க எனக்கு மனசில்லை. ஆடிக்கு முந்தின வாரம் விலைச்சீட்டை ஏற்றி ஒட்டிவிட்டு ஆடி முதல் தேதி இறக்குகிற வித்தை நேற்று வந்ததல்ல. ஆனாலும் அவர்கள் வாங்குகிறவன் கைக்கு எப்போது காசு வரும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். தெரியாமல் இந்த ஊரில் கடை நடத்த முடியாது.

இப்போது அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் ஒரு கல்லூரிப் பையனிடம் சேல் எப்போது என்று கேட்டால் மாதத்தைச் சொல்வதற்கு முன் மணியைச் சொல்கிறான்: ராத்திரி பத்தரை. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ என்ற ஊரில் இருக்கிறது. அவர்கள் அலுவலகத்தில் காலை 10 மணிக்கு விலையை மாற்றுகிறார்கள். அது நமக்கு இரவு 10.30. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவதால் 11.30. எபிக் என்ற இன்னொரு கேம் கடை வாரம் ஒரு கேமை இலவசமாகத் தருவது வியாழக்கிழமை, கோடையில் நம் நேரம் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. 2020 மே 14 அன்று ‘ஜிடிஏ 5’ஐ அப்படிக் கொடுத்தபோது உலகமே ஒரே நேரத்தில் வாசலில் நின்றதில் அந்தக் கடையே படுத்துவிட்டது. கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் ஆசிய சர்வரில் நாள் மாறுவது நம் நேரம் நள்ளிரவு 1.30. ஃபோர்ட்நைட் என்ற கேமின் உருப்படிக் கடை புதுச் சரக்கு வைப்பது விடிகாலை 5.30, அதாவது கிரீன்விச்சின் நள்ளிரவு. வெவ்வேறு ஊர் மணியடிக்க, விழித்திருப்பது நம் ஊர்.

மணியாவது பரவாயில்லை, இரவு கண் விழிப்பது பதினெட்டு வயதுக்குப் பெரிய காரியமில்லை. மாதம்தான் வேடிக்கை. 2025இல் ஸ்டீமின் கோடை விற்பனை ஜூன் 26 முதல் ஜூலை 10 வரை நடந்தது. ஆனி 12இல் தொடங்கி ஆனி 26இல் முடிந்தது, ஆடி பிறக்கும் முன்பே மூட்டை கட்டிவிட்டது. இலையுதிர் கால விற்பனை செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரை. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. போனஸ் கைக்கு வருவதற்குள் கடை சாத்தியாகிவிட்டது. குளிர்கால விற்பனை டிசம்பர் 18இல் தொடங்கி ஜனவரி 5இல், மார்கழி 21இல் முடிந்தது. பத்து நாள் பொறுத்திருந்தால் பொங்கல் காசு வந்திருக்கும். நான்கில் ஒன்றுதான் கரிசலுக்குப் பொருந்தி வந்தது: மார்ச் 13 முதல் 20 வரை நடந்த வசந்த கால விற்பனை. மாசிக் கடைசியும் பங்குனித் தொடக்கமும், வத்தல் களத்தில் காய்கிற நேரம். யாரும் திருச்சுழியை நினைத்து வைத்த தேதி இல்லை அது. 2024 வரை அமெரிக்காவின் நன்றி நவிலும் நாளை ஒட்டி நவம்பர் கடைசியில் வந்துகொண்டிருந்த இலையுதிர் விற்பனையை, குளிர்கால விற்பனையோடு மிகவும் நெருக்கமாக இருக்கிறது என்று முன்னால் இழுத்தார்கள். நம் தீபாவளிக்கு அது இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது, பக்கத்தில் வந்ததோடு சரி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கேம் வாடாது. வண்டிக்கூலி கிடையாது. ஆயிரம் பேர் வாங்கினாலும் ஆயிரத்தோராவது ஆளுக்குச் சரக்கு இருக்கும். சந்தையிலும் திருவிழாவிலும் நேரத்துக்கு எல்லை வைத்தது பொருள். இங்கே பொருளுக்கு எல்லையே இல்லை. ஆகவே எல்லையைத் தனியாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது, தயாரிக்கிற வேலையை ஒரு சின்னக் கடிகாரம் செய்கிறது.

ஸ்டீம் இதை ஒருகாலத்தில் நன்றாகவே செய்தது. 2015 கோடை வரை பெரிய விற்பனைகளுக்குள்ளேயே சில மணி நேரச் சிறு தள்ளுபடிகள் இருந்தன. நேற்று ஐம்பது சதவீதத்துக்கு வாங்கியவன் மறுநாள் காலையில் எழுந்து அதே கேம் சில மணி நேரத்துக்கு மட்டும் எழுபத்தைந்து சதவீதம் என்று பார்த்து வயிறெரிவான். அதனால் பலரும் கடைசி நாள் வரை வாங்காமல் கண்கொத்திப் பாம்பாக இருந்தார்கள். 2015 ஜூனில் பணத்தைத் திருப்பித் தரும் வசதி வந்தது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இனி வயிறெரிய வேண்டியதில்லை, நேற்று வாங்கியதைத் திருப்பிவிட்டு இன்று மலிவாக வாங்கினால் போயிற்று. அந்த ஆண்டு இலையுதிர் விற்பனையிலிருந்து சிறு தள்ளுபடிகளை எடுத்துவிட்டு, முதல் நாள் வைத்த விலையையே கடைசி நாள் வரை வைத்தார்கள். அதே நவம்பரில்தான் இந்தியாவுக்கு ரூபாயில் விலை போட்டார்கள். அதுவரை டாலர் விலையைப் பெருக்கிப் பார்த்து, வெளிநாட்டுக் கடையில் செல்லுபடியாகும் கார்டு உள்ள சித்தப்பாவைத் தேட வேண்டியிருந்தது. கிராமத்துக் கைபேசியில் யுபிஐ வந்தது அதற்கும் பிறகு.

விலையேற்றி இறக்கும் ஆடி வித்தைக்கும் அங்கே ஒரு தடை உண்டு. விலையை உயர்த்தினால் 30 நாளுக்குத் தள்ளுபடி வைக்கக் கூடாது. புதிதாக வந்த கேமுக்கும் வெளியீட்டுத் தள்ளுபடி முடிந்த பிறகு 30 நாள் வேறு தள்ளுபடி இல்லை. ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் 30 நாள் இடைவெளி வேண்டும், பெரிய பருவகால விற்பனைக்கு மட்டும் விலக்கு. நம் ஜவுளிக்கடைகளுக்கு யாரும் இப்படி விதி போட்டதாக நினைவில்லை. இந்த விதிகளின் பலன் என்னவென்றால், தவறவிட்ட தள்ளுபடி பெரும்பாலும் திரும்பி வரும். விஷ்லிஸ்ட்டில் போட்டு வைத்தால், விலை இறங்கும்போது மின்னஞ்சலும் வரும். “இப்ப எதுக்குண்ணே அவசரம், ஆனில திரும்ப வரும்” என்று அந்தக் கல்லூரிப் பையன் சொன்னபோது, மழைக்குக் காத்திருந்தே தலைமுறைகள் கழிந்த ஊருக்குப் பொருத்தமான கடைதான் இது என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் ஓடும் கடிகாரத்தை அவன் மதிப்பதில்லை. அடுத்த வசந்த கால விற்பனை அவனுக்கு அடுத்த பட்டம்.

ஆனால் கம்ப்யூட்டர் வைத்து விளையாடும் பையன்கள் இங்கே எத்தனை பேர்? பெரும்பாலானவர்களுக்கு விளையாட்டு என்றால் கைபேசி, கைபேசி என்றால் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை, 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமாக பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் அதுவும் காணாமல்போய் 2023 மே மாதம் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை, மேக்ஸ் மட்டும் மிஞ்சியது. இவ்வளவு தடைக்கும் நடுவில் கம்மாய்க்கரையில் உட்கார்ந்து ஆடும் கூட்டம் குறையவே இல்லை. கேமை வாங்க வேண்டியதில்லை, இலவசம். காசு போவது உள்ளே: யூசி, வைரம் என்ற கேம் நாணயங்கள், துப்பாக்கிக்கு ஸ்கின், ஆளுக்கு உடுப்பு. இங்கே வைக்கிற கடிகாரம் ஸ்டீமின் கடிகாரம்போல ஏய்க்கக்கூடியது இல்லை. இன்றைக்கு விட்டால் அந்த உடுப்பு எப்போது திரும்பும், திரும்புமா என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஹோலிக்கும் தீபாவளிக்கும் இந்திய சர்வரில் தனி நிகழ்வு வைக்கிறார்கள், அந்த அளவுக்கு நம் நாட்காட்டி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணம் இல்லாத ஆடி மாதம் ஸ்கின் விற்பனையைக் கெடுப்பதில்லை என்பதால் அது மட்டும் கண்ணில் படவில்லை.

தொகையும் சின்னது. ஆயிரம் ரூபாய் கேம் என்றால் அப்பாவிடம் கேட்க வேண்டும், கேட்பதற்குள் இரண்டு நாள் யோசனை ஓடும். முப்பது நாற்பது ரூபாய் டாப்-அப்புக்கு யார் யாரைக் கேட்பது? அப்பாவின் போன், தெரிந்த பின் நம்பர், திரையில் குறைந்துகொண்டே வரும் நிமிடங்கள். தறியிலிருந்து வாரக் கூலி வாங்கி வந்த அப்பா தூங்கிய பிறகு அந்த நிமிடங்கள் ஓடினால் என்ன நடக்கும் என்று இந்த ஊர் அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்துப் பற்றுச்சீட்டையாவது கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டுவார். இது வங்கிக் குறுஞ்செய்தியாக வந்து, படிக்கப்படாமலே கீழே போய்விடுகிறது.

அரசு கவனிக்காமல் இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகள் வாடிக்கையாளரை ஏய்க்கும் 13 வழிகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பட்டியலில் முதலாவது போலி அவசரம்: இல்லாத தட்டுப்பாட்டைச் சொல்லி, இப்போதே வாங்கு என்று நெருக்குவது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டின் எபிக் நிறுவனம், விளையாடுகிறவர்களைத் தெரியாமல் பணம் செலுத்த வைத்த புகாரில் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் கைபேசிக் கேமின் கடிகாரம் பொய் சொல்வதில்லையே. இருபத்து நாலு மணி நேரம் என்று போட்டால் இருபத்து நாலாவது மணியில் உடுப்பைச் சொன்னபடி எடுத்துவிடுகிறார்கள். வாடாத கத்தரிக்காயை வாடுவதற்கு முன் வாங்கு என்று சொன்னால் அது பொய், தண்டிக்கலாம். வாடாத கத்தரிக்காயைச் சொன்ன நேரத்தில் எடுத்துக் குப்பையில் கொட்டுகிற கடைக்காரரை எந்த விதியில் சேர்ப்பது என்பதற்கு அந்தப் பதின்மூன்றில் தெளிவான பதில் இல்லை.