அடி அளந்து நடக்கும் மென்பொருள்

'அ' என்ற பொருள் மெல்ல மெல்ல 'ஆ'வாக மாறுகிறது. ஆ-வின் இரு மூலக்கூறுகள் மோதினால் ஒன்று 'இ' ஆகிவிடுகிறது. இ-யோடு மோதும் ஆ, மறுபடி அ-வாகத் திரும்புகிறது. 1966-இல் எச்.எச். ராபர்ட்சன் முன்வைத்த வேதிவினைக் கணக்கு இது. வினைகளின் வேக எண்கள் முறையே 0.04, 3 கோடி, 10,000. வம்பு முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

ஒரு பொருளின் அளவு இந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்வது வகைக்கெழுச் சமன்பாடு. இங்கே ஒன்றின் வேகம் மற்றவற்றின் அளவைச் சார்ந்தது. ஆகவே மூன்றையும் ஒருசேரத் தீர்க்க வேண்டும். மாறாத கெழுக்கள் கொண்ட நேரியல் தொகுதி என்றால் மேப்பிள், மேத்தமெட்டிகா போன்ற மென்பொருள்கள் விடையைச் சூத்திரமாகவே தந்துவிடும். இது அப்படிப்பட்டதல்ல. நடந்துதான் கடக்க வேண்டும்.

நடக்கும் வழியை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் காட்டிவிட்டார்: நிற்கும் இடத்தின் சரிவைப் பார், அந்தத் திசையில் ஓர் அடி வை, மறுபடி பார். 1895-இல் ரூங்கேயும் 1901-இல் குட்டாவும், ஓர் அடிக்குள்ளேயே பல இடங்களில் சரிவைச் சோதித்து இதைத் துல்லியமாக்கினார்கள். மேட்லேப் மென்பொருளின் 'ஓடிஇ45' என்ற கட்டளை அந்தப் பரம்பரையில் வந்தது. அதன் அழகு ஒரு சுயசோதனையில் இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அது இரண்டு விடைகளைக் கணிக்கிறது, ஒன்று மற்றதைவிட நுட்பமானது. இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த அடி நீளும். விலகினால் அடியைச் சுருக்கி மறுபடி வைத்துப் பார்க்கும்.

ராபர்ட்சனின் கணக்கில் இந்த நல்ல நடையாளிதான் திணறுகிறது. ஆ-வின் அளவு சில மில்லிவிநாடிகளில் உச்சம் தொடுகிறது. அந்த உச்சமும் மொத்த அளவில் லட்சத்தில் நான்கு பங்குகூட இல்லை. பிறகு எல்லாம் ஆமை வேகம். வரைபடத்தில் கோடுகள் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். ஆனால் ஆ தன் நிலையிலிருந்து துளி விலகினாலும், வேகமான வினைகள் ஒரு மில்லிவிநாடிக்குள் அதை இழுத்து நிறுத்தப் பார்க்கின்றன. அந்தச் செங்குத்தான சரிவை நம்பி நீண்ட அடி வைத்தால், எதிர்ப்பக்கம் இன்னும் தொலைவில் போய் விழ நேரும். பிழை எகிறும், மென்பொருள் அடியைச் சுருக்கும். சமதரைபோல் தெரியும் இடத்தில்கூட ஒரு விநாடியைக் கடக்க நூற்றுக்கணக்கான அடிகள்!

இத்தகைய தொகுதிகளுக்கு 'விறைப்பானவை' என்று பெயர். இவற்றுக்கான மருந்தை 1952-இல் கர்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் எழுதினார்கள். புறப்படும் இடத்தின் சரிவுக்குப் பதிலாக, போய்ச் சேரும் இடத்தின் சரிவைக் கொண்டு அடி வைப்பதே அது. சேரும் இடமோ இன்னும் தெரியாது. அதனால் ஒவ்வோர் அடியிலும் ஓர் இயற்கணிதச் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தாக வேண்டும். அடிக்கு அடி உழைப்பு கூடுதல்தான். ஆனால் அடியின் நீளத்துக்குத் தடை நீங்கிவிடுகிறது. 4,000 கோடி விநாடிகளை, அதாவது 1,200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தை, சில நூறு அடிகளில் கடந்துவிடலாம். இந்தக் கலையில் வியக்க வேண்டிய இடம் இதுதான்.

பயன்படுத்துபவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மேட்லேப்பில் 'ஓடிஇ45' என்பதை, விறைப்பான தொகுதிகளுக்கான 'ஓடிஇ15எஸ்' என்று மாற்றினால் போதும். பைத்தானின் சைபை தொகுப்பில் 'எல்எஸ்ஓடிஏ' என்ற முறையைத் தேர்ந்தால், விறைப்பை அதுவே கண்டுகொண்டு நடையை மாற்றிக்கொள்ளும். ஆனால் வந்த விடையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிழை வரம்பைப் பத்தில் ஒரு பங்காக இறுக்கி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ராபர்ட்சனின் கணக்கில் இன்னொரு சோதனையும் உண்டு: தொடக்கத்தில் அ-வின் அளவு 1, மற்ற இரண்டும் 0, எந்தக் கணத்தில் கூட்டிப் பார்த்தாலும் மூன்றும் சேர்ந்து 1 வர வேண்டும்.