மாறும் மழையும் மணிலா மூட்டையும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரையில் நாங்கள் சற்றுப் பார்க்க விரும்புகிறோம். எங்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஜூன் மாதத்தில் எங்கள் பெற்றோர் கட்டும் பள்ளிக் கட்டணம், பங்குனி சித்திரையில் விற்ற மணிலாவிலிருந்தும் உளுந்திலிருந்தும் வருவது. ஆகவே அவை என்ன விலைக்குப் போயின என்பது எங்களுக்கு அயலார் செய்தி அன்று.

முன்பெல்லாம் ஐப்பசி அடைமழை, தையில் பனி, மாசியில் வெயில் என்று பருவங்களை விரல் மடக்கிச் சொல்லிவிடலாமாம். இப்போது அப்படிச் சொல்ல முடிவதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல் நம் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. 2015இல் பெருவெள்ளம் வந்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்குக் காத்திருந்த சம்பா நெல்லைக் காவிரிப் படுகையில் பருவம் தப்பிய மழை நனைத்தது. இதற்குக் காரணம் என்ன? காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்று அறிவியல் கூறுகிறது. அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. பெய்யாவிட்டால் நாட்கணக்கில் காய்கிறது.

இதற்கேற்ப உழவர் மாற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல விதைகளும் இருக்கின்றன. நம் ஊர் மண்டல ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மணிலா, முந்திரி இரகங்கள் 'வி.ஆர்.ஐ.' என்ற பெயருடன் வெளியூர்களிலும் பயிராகின்றன. ஆனால் புதிய விதை வாங்கவும், சொட்டுநீர்க் குழாய் போடவும், சாய்ந்த தோப்பில் மீண்டும் ஒட்டுக்கன்று நடவும் கையில் பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? சென்ற விளைச்சல் விற்ற விலையிலிருந்துதான் வர வேண்டும். எனவே, மாறும் மழையைத் தாங்கும் வலிமை வயலில் பாதி, சந்தையில் பாதி என்பதே எங்கள் கருத்து.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அகல் விளக்கும் பொம்மையும் செய்வோரைப் பார்த்திருக்கிறோம். ஈரம் காயாத பொம்மையை அவர்கள் சூளையில் வைப்பதில்லை, வைத்தால் வெடித்துவிடும். பொறுத்திருந்து, காய்ந்த பின்னரே சுடுவார்கள். உழவருக்கும் அதே பொறுமை வேண்டும். மணிலாவின் ஈரப்பதம் 8 விழுக்காடு அளவுக்குக் குறையும்வரை உலர்த்தினால்தான் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். நெல்லில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் அரசுக் கொள்முதலில் தடை வரும். ஆனால் வானத்தில் கருமேகம், வீட்டு வாசலில் கடன்காரர், களத்தில் போதிய தார்ப்பாய் இல்லை என்றால் யாரால் பொறுக்க முடியும்? வந்த விலைக்குத் தள்ளிவிட நேர்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் தள்ளும்போது விலையும் சரிகிறது.

இந்தக் குறையைப் போக்கவே ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் தோன்றின. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நம் மாநிலத்தில் முதல் கூடம் 1936இல் திருப்பூரில் அமைந்தது. நம் ஊர்க் கூடமும் தமிழ்நாட்டின் பெரிய கூடங்களில் ஒன்று. அண்டை மாவட்ட உழவரும் மூட்டைகளுடன் இங்கு வருகின்றனர். இங்கே மறைமுக ஏலம் நடைபெறுகிறது. அதாவது, ஒரு வணிகர் குறிக்கும் விலை மற்றவருக்குத் தெரியாது. அதிக விலை குறித்தவருக்கே சரக்கு. அந்த விலை பிடிக்காவிட்டால் உழவர் மறுத்துவிடலாம். உழவர் தரகு தர வேண்டியதில்லை. சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்தது. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தை வழியாக, இணைந்த கூடங்களில் வெளியூர் வணிகரும் விலை கேட்கலாம்.

இவற்றைவிட எங்களைக் கவர்ந்தது பொருளீட்டுக் கடன். பலருக்கு இது தெரியாததால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். விலைகள் எடுத்துக்காட்டுக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை.

இரண்டு ஏக்கரில் ஒருவருக்கு 6 குவிண்டால் உளுந்து விளைந்தது. ஏப்ரலில் குவிண்டால் 6,000 ரூபாய். விற்றால் 36,000 ரூபாய். அவர் விற்கவில்லை. கூடத்துக் கிடங்கில் வைத்து, மதிப்பில் முக்கால் பங்காகிய 27,000 ரூபாயைக் கடனாகப் பெற்றார். பழைய கடனை அடைத்தார். மகளின் கட்டணத்தையும் கட்டினார். ஜூலையில் விலை 7,000 ஆயிற்று. விற்றதும் 42,000 ரூபாய் வந்தது. ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம் மூன்று மாத வட்டி சுமார் 340 ரூபாய். அதையும் சிறு கிடங்கு வாடகையையும் கழித்தாலும், ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம். வரும் பருவத்து விதைக்கு அது போதும் அன்றோ?

விலை ஏறாமல் இறங்கவும் கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே நாள்தோறும் விலை நிலவரத்தைக் கவனிப்பவருக்கே இந்த வழி பயன்படும். இரண்டு மூட்டை உள்ளவர் தனியே வண்டி பிடித்தால் வாடகையே விழுங்கிவிடும் என்பதும் உண்மை. அதற்கும் பீங்கான் தொழிலே பாடம் சொல்கிறது. சிறு தொழிற்கூடத்தார் ஒவ்வொருவரும் பெரிய சூளை கட்டிக்கொள்ள இயலாது; பொதுச் சூளையில் சேர்ந்து சுடுவதே சிக்கனம். அதுபோல் 2017-18இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், இருபது இருபது பேராகச் சேர்ந்து, பின்பு நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்களாயினர். பண்ணைக் கருவிகள் வாங்கக் குழுவுக்கு 5 இலட்சம் ரூபாய் கிடைத்தது. சேர்ந்து விதை வாங்கலாம். சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றலாம். சேர்ந்து விலை பேசலாம்.

வரகும் கம்பும் குறைந்த நீரில் விளைபவை. அவற்றை ஏன் எல்லோரும் பயிரிடவில்லை? வரகின் உமி கெட்டியானது. அதை நீக்கும் ஆலை அருகில் இல்லாவிட்டால், மலிவாகவே விற்க வேண்டியிருக்கிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கியது. வாங்க ஆள் உண்டு என்று தெரிந்தால், வறண்ட நிலத்துக்கேற்ற பயிரை உழவர் துணிந்து விதைப்பார்.

புயலைச் சந்தை தடுக்காது. நெல் முழுவதும் மூழ்கிய வீட்டுக்கு நிவாரணமும் பயிர்க் காப்பீடும்தான் துணை. ஆனால் விளைந்தது நல்ல விலைக்குப் போனால், அடுத்த அடியைத் தாங்க உழவர் வீட்டில் ஏதேனும் மிஞ்சியிருக்கும்.

இதில் மாணவியராகிய நமக்கும் பங்கு உண்டு. களத்தில் உலர்த்துவதும் புடைப்பதும் பெரும்பாலும் நம் அம்மாக்கள்தாம். அப்பா விற்கப் போகுமுன் அன்றைய விலையைப் பார்த்துச் சொல்வதும், எடைச் சீட்டைப் படித்துச் சரிபார்ப்பதும் நம்மால் முடியும். கற்ற கணக்கு முதலில் நம் வீட்டு மூட்டைக்குப் பயன்படட்டும். அப்போது உழக்காவது மிஞ்சும்.